கோடை விடுமுறையில் ஆங்கில வாசிப்பு: நாற்பது வொர்க்‌ஷீட் போதுமா, வேறு வழி இருக்கிறதா?

மோதிபாக் அம்மா | மே 13

என் மகன் ஏப்ரலில் நான்காம் வகுப்பில் நுழைந்திருக்கிறான். வீட்டில் தமிழ், விளையாடும் இடத்தில் இந்தி, பள்ளியில் ஆங்கிலம் என்று தில்லித் தமிழ்க் குழந்தைகளுக்கு வாய்த்த மூன்றும் அவனுக்கும் உண்டு. விடுமுறைக்கு முந்தைய பெற்றோர் கூட்டத்தில், ஆங்கில வாசிப்பில் பின்தங்கியிருக்கிறான் என்று சொல்லி, வழக்கமான ஹாலிடே ஹோம்வொர்க்குடன் நாற்பது காம்ப்ரிஹென்ஷன் தாள்களையும் சேர்த்துக் கொடுத்தார்கள். ஜூன் 30 வரை விடுமுறை என்பதால் நாளுக்கு ஒன்று என்று கணக்குப் போட்டு நேற்று தொடங்கினோம்.

முதல் தாளில் ஆற்றங்கரைக் கிராமம் ஒன்றைப் பற்றிய பத்தி இருந்தது. மக்கள் ஆற்றை எப்படிக் கடந்தார்கள் என்ற கேள்விக்கு ‘பை ஃபெர்ரி’ என்று முழு வாக்கியமாக, ஒரு பிழையும் இல்லாமல் எழுதியிருந்தான். நானும் சரி என்று டிக் போட்டுவிட்டேன். பிறகு ஏதோ தோன்றி, ஃபெர்ரி என்றால் என்ன என்று கேட்டேன். சிறகு முளைத்த தேவதை என்றான். ஆற்றைக் கடக்கும் படகைக் குறிக்கும் அந்தச் சொல்லை ‘ஃபேரி’ என்று படித்திருக்கிறான். தேவதை ஒவ்வொருவராகத் தூக்கிக்கொண்டு போய் அக்கரையில் விட்டதாக நினைத்திருக்கிறான். அதில் அவனுக்குத் துளியும் சந்தேகம் இல்லை. ஐந்துக்கு ஐந்து மதிப்பெண்ணும் வந்துவிட்டது.

இந்த நாற்பது தாள்களையும் முடித்தால் இவன் வாசிக்கக் கற்றுக்கொள்வானா, அல்லது விடை எழுத மட்டும் கற்றுக்கொள்வானா? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.


ஓய்வுபெற்ற டீச்சர் | மே 13

உங்கள் மகனின் தேவதையை நான் ரசித்தேன், அம்மா. பத்தியைப் படித்தபோது அவன் மனத்தில் ஒரு படம் ஓடியிருக்கிறது. பல குழந்தைகளுக்கு எந்தப் படமுமே ஓடுவதில்லை. அந்த நிலையைவிட இது எவ்வளவோ மேல்.

தாள்களைப் பற்றி உங்களுக்கு வந்திருக்கும் ஐயம் சரியானதுதான். ஒரு சின்னச் சோதனை செய்து பாருங்கள். ‘பிரிம்பன் நேற்று மழுக்கில் ஒரு தொவியைக் கிணுப்பினான்.’ இப்போது கேள்வி: பிரிம்பன் எதைக் கிணுப்பினான்? தொவியை. எங்கே கிணுப்பினான்? மழுக்கில். எப்போது? நேற்று. மூன்றுக்கு மூன்று வாங்கிவிட்டீர்கள். ஆனால் பிரிம்பன் யார், தொவி தின்பதா உடுத்துவதா என்று எனக்கும் தெரியாது, ஏனென்றால் இந்தச் சொற்களை இப்போதுதான் இட்டுக்கட்டினேன். கேள்வியில் உள்ள சொல்லைப் பத்தியில் தேடிக் கண்டுபிடித்து, அதற்குப் பக்கத்தில் இருப்பதைப் பெயர்த்து எழுதும் இந்தத் திறமையைக் குழந்தைகள் இரண்டாம் வகுப்பிலேயே பழகிவிடுகிறார்கள். முப்பது ஆண்டுகள் நானே அதற்கு மதிப்பெண் போட்டிருக்கிறேன் என்பதைச் சொல்லிவிடுகிறேன்.

பயிற்சி தொடங்குமுன் அவனுக்கு எங்கே இடறுகிறது என்று பார்த்துவிடுங்கள். 1986-இல் கஃப், டன்மர் என்ற இரண்டு ஆய்வாளர்கள், வாசித்துப் புரிந்துகொள்வதை ஒரு பெருக்கல் கணக்காகச் சொன்னார்கள்: எழுத்தைக் கூட்டிச் சொல்லாக்கும் திறனும், அந்த மொழியைக் காதால் கேட்டால் புரிந்துகொள்ளும் திறனும் ஒன்றோடொன்று பெருக்கப்படுகின்றன. கூட்டல் என்றால் ஒன்றில் குறைந்ததை மற்றொன்றில் ஈடுகட்டிவிடலாம். பெருக்கல் என்பதால் இரண்டில் ஒன்று சுழியமாக இருந்தாலும் விடை சுழியம்தான்.

ஆகவே ஒரே அளவுள்ள இரண்டு பத்திகளை எடுத்துக்கொள்ளுங்கள். முதலாவதை நீங்கள் நிதானமாகப் படித்துக் காட்டி, கதையைச் சொல்லச் சொல்லுங்கள். இரண்டாவதை அவன் உரக்கப் படித்துவிட்டுச் சொல்லட்டும். இரண்டு முறையும் தமிழிலேயே சொல்லட்டும். கேட்டால் புரிகிறது, படித்தால் புரியவில்லை என்றால் குறை எழுத்துக்கூட்டுவதில் இருக்கிறது. கேட்டாலும் புரியவில்லை என்றால் சொல்வளத்தில் இருக்கிறது. பத்து நிமிட வேலைதான். செய்துவிட்டு எழுதுங்கள்.


லட்சுமிநகர்க்காரர் | மே 14

சகோதரி, என் அனுபவத்தையும் சொல்கிறேன். போன கோடையில் என் மகளை எங்கள் பகுதியில் உள்ள ஒரு பயிற்சி வகுப்பில் ஆறு வாரத்துக்கு 8,000 ரூபாய் கட்டிச் சேர்த்தேன். ஒரே அறையில் முப்பது பிள்ளைகள். ஆளுக்கு ஒரு கட்டு ஜெராக்ஸ் தாள். ஆறு வாரத்தில் என் மகள் உரக்க வாசித்தது மொத்தம் நான்கு முறை, அதுவும் ஒரு பத்தியை ஆளுக்கு ஒரு வரியாகப் பங்கு போட்டு. பணம் போனது போகட்டும். ஆங்கிலப் புத்தகம் என்றாலே எரிச்சல்படும் பிள்ளையாகத் திரும்பி வந்தாள்.

ஆனால் டீச்சர் அம்மா சொல்வதில் எனக்கு ஒரு தயக்கம் இருக்கிறது. நானும் என் மனைவியும் வீடு திரும்ப இரவு எட்டு மணி ஆகிறது. பக்கத்தில் உட்கார்ந்து கேட்கும் நேரம் இருந்தால் யார்தான் பயிற்சி வகுப்பைத் தேடிப் போவார்கள்?


மயூர்விஹார் பாட்டி | மே 14

தம்பி, கேட்பதற்கு ஆங்கிலம் படித்தவர்தான் வேண்டும் என்றில்லை. நான் எட்டாம் வகுப்பு வரை தமிழில் படித்தவள். ஆங்கிலத்தில் கடைப் பலகையை எழுத்துக்கூட்டுவேன், அவ்வளவுதான். என் பேரனுக்கு மூன்று வருடமாக நான்தான் துணை. மதியம் கூலர் ஓடும் அறையில், நான் கீரை ஆய்ந்துகொண்டிருக்க, அவன் ஒரு பக்கம் படிப்பான். படித்து முடித்ததும் எனக்குத் தமிழில் சொல்ல வேண்டும். எனக்கு உண்மையிலேயே தெரியாது என்பது அவனுக்குத் தெரியும்; அதனால் ஏமாற்ற மனம் வராது. ‘அந்த நரி ஏன் திரும்பிப் போனது?’ என்று நான் கேட்பேன். பதில் தெரியாவிட்டால், ‘இருங்கள் பாட்டி’ என்று சொல்லி அந்தப் பக்கத்தை மறுபடி படிப்பான். இப்படி ஒரே பக்கத்தை மூன்று முறை படித்த நாள்கூட உண்டு. படி என்று நான் சொன்னதே இல்லை.

ஊரில் தாத்தா பாட்டி இருந்தால் வீடியோ அழைப்பில் கேட்கச் சொல்லுங்கள், அவர்களுக்கும் பொழுது போகும்.


முனீர்க்கா மாணவன் | மே 15

பாட்டி சொன்னதற்கு மேல் சேர்க்கப் பெரிதாக எதுவும் இல்லை. நான் மொழியியல் படிப்பவன் என்பதால் எழுத்துக்கூட்டுவது பற்றி மட்டும் ஒரு குறிப்பு.

ஆங்கிலத்தில் 26 எழுத்துகளை வைத்துக்கொண்டு ஏறத்தாழ 44 ஒலிகளைச் சமாளிக்கிறார்கள். இந்தி எழுத்தில் பழகிய தில்லிக் குழந்தை ஒரு எழுத்துக்கு ஒரு ஒலி என்ற எதிர்பார்ப்புடன் ஆங்கிலத்துக்கு வந்து திகைக்கிறது. இங்கே தமிழ் கைகொடுக்கும். ‘கடல்’, ‘தங்கம்’, ‘அகம்’ என்ற மூன்றையும் சொல்லிப் பாருங்கள். ‘க’ என்ற ஒரே எழுத்து மூன்று இடங்களில் மூன்று விதமாக ஒலிக்கிறது; எங்கே எப்படி ஒலிப்பது என்று யாரும் நம்மை உட்கார்த்திச் சொல்லித்தரவில்லை, அக்கம்பக்கத்து எழுத்தே சொல்லிவிடுகிறது. ஆங்கிலத்தின் ‘சி’ எழுத்தும் இப்படித்தான்: அடுத்து ‘இ’, ‘ஐ’, ‘ஒய்’ ஆகிய எழுத்துகளில் ஒன்று வந்தால் ‘சிட்டி’ போல ஒலிக்கும், ‘ஏ’, ‘ஓ’, ‘யூ’ வந்தால் பூனையைக் குறிக்கும் ‘கேட்’ போல ஒலிக்கும். அக்கம்பக்கத்தைப் பார்த்து ஒலிக்க வேண்டும் என்பதைத் தமிழ் எழுத்து தெரிந்த குழந்தைக்கு ஒரே நாளில் புரியவைத்துவிடலாம்.

இன்னொன்று: எழுத்துக் கூட்டங்களைக் குடும்பமாகப் பழக்குங்கள். ‘ஐ-ஜி-எச்-டி’ என்ற நான்கும் சேர்ந்து வந்தால் ‘ஐட்’. அதைப் பிடித்துக்கொண்டால் லைட், நைட், ஃபைட், ரைட், டைட் எல்லாம் ஒரே வீட்டுப் பிள்ளைகள். ‘ஓ-யூ-ஜி-எச்’ குடும்பத்தை மட்டும் நம்ப வேண்டாம். ‘தோ’, ‘த்ரூ’, ‘ரஃப்’ என்று ஒன்றுக்கொன்று பேச்சுவார்த்தை இல்லாத பங்காளிகள் அவை. அவற்றை ஒவ்வொன்றாகத்தான் மனத்தில் இருத்த வேண்டும்.

(‘ஸ்கூலு’ என்ற நம் ஊர் வாலும், ‘இஸ்கூல்’ என்ற இவ்வூர்த் தலையும் சேர்ந்து ‘இஸ்கூலு’ என்று சொல்லும் குழந்தைகளைக் கரோல் பாக்கில் கேட்டிருக்கிறேன். அது உச்சரிப்பு வேறுபாடு மட்டுமே. அதை வாசிப்புக் குறையாக எண்ணித் திருத்திக்கொண்டிருக்க வேண்டாம்.)


மோதிபாக் அம்மா | மே 16

டீச்சர், சோதனை செய்தேன். நான் படித்தபோது கதையை முக்கால்வாசி சரியாகச் சொன்னான். அவனே படித்தபோது பாதிகூடத் தேறவில்லை. கூர்ந்து கேட்டபோதுதான் தெரிந்தது: நீளமான சொல் வந்தால் முதல் ஒலியை மட்டும் பிடித்துக்கொண்டு தெரிந்த சொல் ஒன்றைப் போட்டுக்கொள்கிறான். ‘சர்ப்ரைஸ்’ இருக்கும் இடத்தில் ‘சர்க்கஸ்’ என்றான். முற்றுப்புள்ளியில் நிற்பதே இல்லை, மூச்சு முட்டும் வரை ஓடுகிறான்.


ஜனக்புரி அப்பா | மே 16

இடையில் வந்து கேட்பதற்கு மன்னிக்கவும். என் மகளும் நான்காம் வகுப்புதான். நேற்றுப் படித்த சொல்லை இன்று புதிதாகப் பார்ப்பதுபோல் பார்க்கிறாள். சிறிய ‘பி’யையும் ‘டி’யையும், அதாவது வயிறு முன்னால் உள்ளதையும் பின்னால் உள்ளதையும், இப்போதும் மாற்றிப் படிக்கிறாள். இந்தியிலும் எழுத்துகளை விட்டுவிடுகிறாள். வாயால் கேட்டால் வகுப்பிலேயே கெட்டிக்காரி. பயிற்சி போதவில்லை என்று நினைத்து நாளுக்கு ஒரு மணி நேரம் படிக்க வைக்கிறேன். இருவருமே அழுதுகொண்டுதான் எழுந்திருக்கிறோம்.


ஓய்வுபெற்ற டீச்சர் | மே 17

முதலில் ஜனக்புரி அப்பாவுக்கு. அந்த ஒரு மணி நேரத்தை இன்றே நிறுத்திவிடுங்கள், ஐயா. எழுத்தை மாற்றிப் படிப்பது ஏழு வயது வரை பல குழந்தைகளிடம் உள்ளதுதான். ஆனால் ஒன்பது வயதில், இரண்டு மொழியிலும், வாய்ப்பேச்சில் கெட்டிக்காரியாக உள்ள குழந்தைக்கு இப்படி இருக்கிறது என்றால் அதைச் சோம்பல் என்று எண்ணக் கூடாது. கண், காது இரண்டையும் முதலில் பரிசோதித்துவிட்டு, கற்றல் குறைபாட்டை மதிப்பிடத் தெரிந்த உளவியலாளரிடம் இந்த விடுமுறையிலேயே காட்டுங்கள். 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் இத்தகைய கற்றல் குறைபாட்டையும் தன் பட்டியலில் சேர்த்திருக்கிறது, சி.பி.எஸ்.இ. தேர்வுகளில் கூடுதல் நேரம் உள்ளிட்ட சலுகைகளும் உண்டு. பெயர் வைக்கப் பயந்து மூன்று ஆண்டுகள் தள்ளிப்போட்டவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அந்த மூன்று ஆண்டுகளும் குழந்தை ‘நான் மக்கு’ என்றே நம்பிக்கொண்டிருந்தது.

மோதிபாக் அம்மா, உங்கள் மகனுக்கு வேண்டியது திரும்ப வாசித்தல். 1979-இல் சாமுவேல்ஸ் என்ற அமெரிக்க ஆய்வாளர் இதை எழுதினார்; நம் ஊர்த் திண்ணைப் பள்ளிக்கூடத்தில் முறை சொல்லிப் பழகியவர்களுக்கு இது புதிதாகத் தோன்றாது. நூறு சொற்கள் அளவில் ஒரு பகுதியைத் தேர்ந்தெடுத்து அதையே நான்கு நாள்கள் படிக்கட்டும். முதல் நாள் வாசிப்பை உங்கள் கைபேசியில் பதிவு செய்து வையுங்கள். இடையில் ஒரு சொல் தவறினால் உடனே குறுக்கிடாதீர்கள். வாக்கியம் முடியும் வரை பொறுத்திருந்து, ‘சர்க்கஸ் வந்ததா? அங்கே எப்படிச் சர்க்கஸ் வரும்?’ என்று கேளுங்கள். பொருள் பொருந்தவில்லை என்று அவனுக்கே உறைத்தால்தான் கண் பின்னோக்கிப் போகும். நீளமான சொல்லை விரலால் மறைத்துத் துண்டு துண்டாகத் திறந்து காட்டுங்கள். பதினைந்து நிமிடத்துக்கு மேல் வேண்டாம். வெயில் ஏறும் முன் காலையில் முடித்துவிட்டால் நாள் முழுவதும் அவனுடையது.

புத்தகம் தேர்ந்தெடுக்க விரல் கணக்கு போதும்: ஒரு பக்கத்தில் தெரியாத சொல்லுக்கு ஒரு விரல் மடக்கினால், ஐந்தும் மடங்கிவிட்ட புத்தகம் இப்போதைக்கு அவனுக்குக் கடினம்.

வேகத்தைப் பற்றி யாராவது பயமுறுத்தினால் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். 2021-இல் மத்திய அரசு தொடங்கிய ‘நிபுண் பாரத்’ திட்டம் மூன்றாம் வகுப்பு முடிவில் நிமிடத்துக்குக் குறைந்தது 60 சொற்களைப் பொருள் புரிந்து படிக்க வேண்டும் என்கிறது. பொருள் புரிந்து என்ற பகுதியை எல்லோரும் விட்டுவிட்டு எண்ணை மட்டும் பிடித்துக்கொள்கிறார்கள். உங்கள் மகன் இப்போதே அறுபதைத் தாண்டித்தான் ஓடிக்கொண்டிருப்பான்!

தாள்களை என்ன செய்வது என்று கேட்பீர்கள். வாரத்துக்கு இரண்டு போடட்டும், ஆசிரியைக்கு ஒரு கடிதம் எழுதிக் கொடுத்துவிடுங்கள்.


லட்சுமிநகர்க்காரர் | மே 18

பாட்டி சொன்னபடி மதுரையில் உள்ள என் அம்மாவை நேற்று வீடியோ அழைப்பில் உட்கார வைத்தேன். மகள் ஆங்கிலத்தில் படித்துவிட்டுத் தமிழில் சொல்லத் தொடங்கியவள், ‘ஷெப்பர்ட்’ என்பதற்குத் தமிழ்ச் சொல் தெரியாமல் விழித்தாள். அம்மா, ‘ஆடு மேய்க்கிறவனா?’ என்று எடுத்துக் கொடுத்தார். இரண்டு மொழிக்கும் சேர்த்து ஒரு சொல் கிடைத்தது.

புத்தகங்களுக்கு: தர்யாகஞ்ச் ஞாயிற்றுக்கிழமைப் பழைய புத்தகச் சந்தை 2019-இல் நடைபாதையிலிருந்து அகற்றப்பட்டு, இப்போது ஆசஃப் அலி சாலையில் மகிளா ஹாட் வளாகத்தில் கூடுகிறது. குழந்தைப் புத்தகங்களை எடைக்கும் விற்கிறார்கள். கோடையில் காலையிலேயே போய்விட வேண்டும். ஒரு எச்சரிக்கை: எடைக்கு விற்பவற்றில் வெளிநாட்டுப் புத்தகங்கள் அதிகம், பனிமனிதனும் ப்ளூபெர்ரியும் வந்தால் பிள்ளைக்குச் சொல்லும் தெரியாது, பொருளும் தெரியாது.


மயூர்விஹார் பாட்டி | மே 18

அதற்குத்தான் நம் நாட்டுக் கதைகளாகப் பார்த்து வாங்க வேண்டும். குழந்தைகள் புத்தக அறக்கட்டளையும் நேஷனல் புக் டிரஸ்டும் இந்தத் தில்லியில்தான் இருக்கின்றன. இரண்டும் 1957-இல் தொடங்கியவை. முன்னதைத் தொடங்கியவர் கார்ட்டூனிஸ்ட் சங்கர். பகதூர் ஷா ஜஃபர் சாலையில் அவர் அமைத்த பொம்மை அருங்காட்சியகம் உள்ள அதே கட்டடம்தான். மருமகள் ஒரு முறை ‘ஸ்டோரிவீவர்’ என்ற இணையதளத்தைக் காட்டினாள். பிரதம் புக்ஸ் 2015-இல் தொடங்கியதாம், காசு கிடையாது. நிலை வாரியாகக் கதைகள் இருக்கின்றன. பல கதைகள் தமிழிலும் ஆங்கிலத்திலும் இந்தியிலும் கிடைக்கின்றன. நான் தமிழில் முதலில் படித்துவிடுவேன், பேரன் ஆங்கிலத்தில் படிப்பான். இப்போது கதை எனக்குத் தெரியும் என்பதால் அவன் சரியாகச் சொல்கிறானா என்று பிடித்துவிடுவேன். ஆனால் அவனுக்கு அது பிடிக்கவில்லை. ‘தெரியாத பாட்டிதான் வேண்டும்’ என்கிறான்.


மோதிபாக் அம்மா | ஜூன் 11

கும்பகோணத்திலிருந்து எழுதுகிறேன். போன வாரம் தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் வந்தோம். சென்னை வரை ஏறத்தாழ 33 மணி நேரம். புத்தகப் பையைத் தவறுதலாகப் பெரிய பெட்டிக்குள் வைத்து இருக்கைக்கு அடியில் தள்ளிவிட்டேன். வேறு வழியில்லாமல் கண்ணில் பட்டதை எல்லாம் படிக்க வைத்தேன்.

நிலையப் பெயர்ப் பலகைகள் நல்ல பாடமாக அமைந்தன. இந்தியும் ஆங்கிலமும் ஒரே பலகையில் இருப்பதால், ஆங்கிலத்தில் படித்துவிட்டு இந்தியில் சரிபார்த்துக்கொள்ளலாம். நான் வாயே திறக்க வேண்டியிருக்கவில்லை. நாக்பூரைப் பார்த்த மாத்திரத்தில் சொன்னான், பல்ஹார்ஷாவை நான்கு துண்டாக உடைத்துப் படித்தான். நிற்காமல் ஓடும் சின்ன நிலையங்களில் முதல் துண்டு வாயில் இருக்கும்போதே பலகை போய்விடும். அப்போது கோபம் வந்ததே தவிர, யூகித்து எதையாவது சொல்லி வைக்கவில்லை.

பிறகு அபாயச் சங்கிலிக்கு மேல் உள்ள அறிவிப்பைப் படித்தான். தகுந்த காரணமின்றி இழுத்தால் 1,000 ரூபாய் வரை அபராதம், ஓராண்டு வரை சிறை என்ற அந்த வாசகத்தை, ‘ரீசனபிள்’ என்ற சொல்லில் மட்டும் இரண்டு முறை தடுமாறி, முழுவதும் படித்தான். என்ன சொல்கிறது என்று கேட்டேன். ‘சும்மா இழுத்தால் ஜெயில்’ என்றான். சரி என்று நான் திரும்பிக்கொண்ட பிறகு, ‘எதுவெல்லாம் நல்ல காரணம்? தண்ணீர் பிடிக்க இறங்கிய அப்பா ஏறுவதற்குள் ரயில் கிளம்பிவிட்டால் இழுக்கலாமா?’ என்று எதிர் பெர்த்தில் இருந்த பெரியவரிடம் கேட்டுக்கொண்டிருந்தான். வாரங்கல் வரும் வரை அந்த வழக்கு நடந்தது. காம்ப்ரிஹென்ஷன் தாளில் இப்படி ஒரு கேள்வியை நான் பார்த்ததில்லை.

டீச்சர், நேற்று அவனுடைய மே 17 பதிவைப் போட்டுக் காட்டினேன். பாதியில் நிறுத்தச் சொல்லிவிட்டு, ‘யாராவது துரத்தினார்களா?’ என்று கேட்டான். இப்போது முற்றுப்புள்ளியில் நிற்கிறான். காற்புள்ளியைத்தான் இன்னும் மதிப்பதில்லை. மேற்கோள் குறிக்குள் யார் பேசுகிறார்கள் என்பதிலும் குழப்பம் இருக்கிறது. இரண்டு பேர் மாறி மாறிப் பேசினால் இருவரையும் ஒரே ஆளாக்கிவிடுகிறான். அதற்கு ஏதாவது வழி வைத்திருக்கிறீர்களா?


ஓய்வுபெற்ற டீச்சர் | ஜூன் 11

இரண்டு குரலில் படிக்கச் சொல்லுங்கள், அம்மா. ஒருவர் பேச்சை அவன் படிக்கட்டும், மற்றவர் பேச்சை நீங்கள் படியுங்கள். தன் முறை எப்போது வருகிறது என்று தெரிய மேற்கோள் குறியைத் தேடித்தான் ஆக வேண்டும். தாத்தாவையும் சேர்த்துக்கொண்டால், கதைசொல்லியின் பகுதியை அவன் தமிழில் அவருக்குச் சொல்லட்டும்.